காலடியில் உள்ள கடமை

(மறைமலைநகரில் கூடிய ஊராட்சி உறுப்பினர்கள், உழவர்கள் முன்னிலையில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஏரி, சாலை, விதை, உரம் ஆகியவற்றைப் பற்றி நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கின்றோம். இன்று சிறியதாகத் தோன்றும் ஒரு பொருளைப் பற்றிப் பேச விரும்புகின்றோம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும், மருத்துவமனையிலும், முதியோர் இல்லத்திலும் பிணியாளர்களுக்குப் பணிவிடை செய்வோர் வழுக்கியும் இடறியும் விழாதபடி காப்பது எவ்வாறு என்பதே அப்பொருள்.

“பார்த்து நடந்தால் போதாதா? இதற்கும் ஒரு கூட்டமா?” என்று சிலர் கேட்கக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கின்றனர். தற்செயலான காயங்களால் நேரும் சாவுகளுள் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கே. இச்சாவுகளுள் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டவை குறைந்த வருவாயும் நடுத்தர வருவாயும் உள்ள நாடுகளில் நிகழ்கின்றன.

பணிவிடை செய்வோரின் நிலை என்ன? அமெரிக்க நாட்டில் 2009ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி, சமதரையில் வழுக்கியும் இடறியும் விழுந்து, வேலைக்கு வர இயலாதபடி காயமுற்ற மருத்துவமனை ஊழியர்கள் 10,000 பேருக்கு 38.2 பேர். ஏனைய தனியார் தொழில்களில் அந்த எண் 20.1 மட்டுமே. நோய் தீர்க்கும் இடமே, அங்கு உழைப்போருக்குக் காயம் தரும் இடமாகவும் இருக்கின்றது.

நம் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு, வேறோர் ஒன்றியத்தில் நாம் பணியாற்றிய காலத்தில், ஒரு சுகாதார நிலையத்தின் பின்புறத் தொட்டி வழிந்து, தாழ்வாரத்தில் எந்நேரமும் ஈரம் பரவிக் கிடந்தது. ஒரு சிறு வடிகால் கட்டித் தருமாறு மனு வந்தது. “அடுத்த மதிப்பீட்டில் சேர்த்துப் பார்க்கலாம்” என்று எழுதிக் கோப்பை ஒதுக்கி வைத்தோம். ஐப்பசி மாதத்து இரவு ஒன்றில், பணியிலிருந்த செவிலியர் அம்மையார் அவ்விடத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அன்றிரவு பணியில் இருந்தவர் அவர் ஒருவரே. பேறுகால வேதனையோடு வந்திருந்த பெண்ணை, மழையில் வேறு மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்ல நேர்ந்தது. தாயும் சேயும் நலமாகத் திரும்பினர். ஆனால் மறுநாள் ஊரார் எவரும் தொட்டியைக் குறை கூறவில்லை. நம்மையும் குறை கூறவில்லை. “அந்த அம்மா கவனமாக நடந்திருக்கலாம்” என்றே சொன்னார்கள். விழுந்தவரையே குற்றவாளியாக்கும் இப்பேச்சுக்கு நாமும் காரணமானோமே என்ற வருத்தம் இன்றும் நம்மை விட்டு அகலவில்லை.

உழவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். மழை பெய்த வரப்பில் நீங்கள் எப்படி நடக்கின்றீர்கள்? செருப்பைக் கழற்றி, கால் விரலை ஊன்றி, அடியைக் குறுக்கி வைத்து நடக்கின்றீர்கள். தலையில் நாற்றுக் கட்டு இருந்தால் இன்னும் மெதுவாக நடக்கின்றீர்கள். செவிலியரோ ஆயாவோ அப்படி நடக்க முடியுமா? கையில் மருந்துத் தட்டு. ஒரு பக்கம் தாங்கிப் பிடித்த நோயாளி. மறுகோடியிலிருந்து ஓர் அழைப்பு. விரைந்துதான் நடக்க வேண்டும். கீழே பளபளப்பான ஓடு. அதன்மேல் சோப்பு நீர். காலில் தேய்ந்துபோன ரப்பர்ச் செருப்பு. பிடிப்பு அற்றுக் கால் முன்னே ஓடினால் அது வழுக்கல். சென்ற கால் ஒயரிலோ, உயர்ந்த நிலைப்படியிலோ தட்டினால் அது இடறல். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் தரையிலேயே இருக்கின்றது. தரையைச் சீர்செய்வது நம் கையில் இருக்கின்றது.

செய்ய வேண்டியவை யாவை?

முதலாவது, நீர். கூரை நீர் வாசலில் கொட்டாதவாறு தகரத்தாலோ பிளாஸ்டிக் குழாயாலோ தாழ்வாரம் அமைக்க வேண்டும். தொட்டி வழிந்தால் நீர் செல்ல வடிகால் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, புரட்டாசியில், பின்புறப் படிகளில் படிந்துள்ள பாசியைப் பிளீச்சிங் பவுடர் இட்டுத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும்.

இரண்டாவது, துடைக்கும் முறை. சோப்பையும் பினாயிலையும் அளவுக்கு மேல் ஊற்றினால் தரையில் வழுவழுப்பு நிற்கும். நடையின் ஒரு பாதியைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிய பின்னரே மறு பாதியைத் துடைக்க வேண்டும். நீரோ, சிறுநீரோ, மருந்தோ சிந்தியிருப்பதைக் கண்டவர், “என் வேலையன்று” என்று செல்லாமல், துடைக்கும் வரையில் அவ்விடத்தில் நிற்க வேண்டும்.

மூன்றாவது, மணல். மாமல்லபுரம், கோவளம், சதுரங்கப்பட்டினம் ஆகிய கடற்கரைப் பகுதிகளில், காலோடு வரும் மணல் வழுவழுப்பான தரையில் உருண்டு காலை வாரிவிடும். வாசலில் தென்னைநார் மிதியடி ஒன்று அசையாதபடி கிடந்தால் இத்துன்பம் பெரிதும் குறையும். ஓரம் சுருண்ட சாக்கைப் போடாதீர்கள். அதுவே இடறச் செய்யும்.

நான்காவது, படியும் வெளிச்சமும். ஒரு படி மட்டும் உயரமாகவோ தாழ்வாகவோ இருந்தால் கால் ஏமாறும். படியின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் பட்டை தீட்டுங்கள், கைப்பிடி அமையுங்கள். கழிப்பறைக்குச் செல்லும் வழியில் இரவு முழுவதும் விளக்கு எரியட்டும்.

ஐந்தாவது, புதுக் கட்டடம். ஓடு தேர்ந்தெடுக்கும்போது பளபளப்பைப் பாராமல், நீர் ஊற்றி நடந்து பாருங்கள். சொரசொரப்பான ஓட்டையே நடைகளுக்கும் குளியலறைக்கும் கேட்டு வாங்குங்கள்.

ஆறாவது, ஒரு நோட்டுப் புத்தகம். விழுந்தவர் மட்டுமன்றி, விழப் பார்த்துத் தப்பியவரும் இடத்தையும் நேரத்தையும் அதில் எழுதட்டும். எழுதியதற்காக எவரையும் கடிந்துகொள்ளலாகாது. ஒரே இடம் இரண்டு முறை வருமாயின், முதலில் செப்பனிட வேண்டிய இடம் அதுவேயாம்.

இவற்றால் பயன் உண்டா? உண்டு. அமெரிக்காவில் மூன்று மருத்துவமனைகளில் 1996 முதல் 2005 வரை பத்தாண்டுக் காலம் ஆராய்ந்தார்கள். வீழ்ச்சிக்குப் பெருங்காரணம் தரையில் சிந்திய நீர்மமே என்று கண்டார்கள். தரைத் தூய்மை, பிடிப்புள்ள காலணி, வெளிச்சம், பயிற்சி ஆகியவற்றை ஒருங்கே மேற்கொண்டபின், ஊழியர்களின் இழப்பீட்டுக் கோரிக்கைகள் நூற்றுக்கு 58 அளவு குறைந்தன. இது புதிய கருத்தும் அன்று. தரையும் படியும் நடைவழியும் உறுதியாகவும், வழுக்கும் பொருள் இன்றியும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 32ஆம் பிரிவில் விதித்தது. தொழிற்சாலைகள் நிறைந்த இம்மறைமலைநகரில் பலர் இதனை அறிவீர்கள். இயந்திரத்தின் அருகில் நிற்பவருக்கு வேண்டிய பாதுகாப்பு, நோயாளியின் அருகில் நிற்பவருக்கும் வேண்டுமன்றோ?

இக்கடமை அரசுக் கட்டடத்தோடு முடிவதில்லை. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பணியாளர்கள் உங்கள் இல்லத்துக்கே வருகின்றனர். படுக்கையில் கிடக்கும் உங்கள் பெற்றோருக்காக வருபவர் அவர். அவர் வரும் நாளில் முற்றத்தைக் கழுவி ஈரமாக விடாதீர்கள். வழியில் கிடக்கும் மண்வெட்டியையும் கயிற்றையும் எடுத்து வையுங்கள். அப்போது உங்கள் தாயும் விழாமல் தப்புவார்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகின்றது. அடுத்த கூட்டத்துக்கு முன்பாக உறுப்பினர்கள் இருவரும் உழவர் ஒருவரும் சேர்ந்து, உங்கள் சுகாதார நிலையத்தை ஒரு முறை பகலிலும் ஒரு முறை இரவிலும் சுற்றி வாருங்கள். “எந்த இடத்தில் கால் வழுக்குகிறது, அம்மா?” என்று தரை துடைக்கும் ஆயாவை முதலில் கேளுங்கள், அவ்விடங்களை நம்மினும் நன்கு அறிந்தவர் அவரே. அவர் சொன்னதைத் தீர்மானமாக எழுதி எமது அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

அக்கோப்பை இம்முறை ஒதுக்கி வைக்கமாட்டோம் என்று உறுதி கூறி அமைகின்றோம்.