பட்டாணி ஒன்றா, பலவா?

சுங்கை லாலாங் பக்கத்து மக்களுக்குச் சுங்கை பட்டாணி என்ற ஊர் தெரியாமல் இருக்காது. மலாயில் அந்தப் ‘பட்டாணி’ உண்மையில் ‘பெத்தானி’, அதாவது விவசாயி. நம்மவர்கள் வாயில் அது பட்டாணியாகி, தமிழ்ப் பத்திரிகையிலிருந்து கல்யாண அழைப்பிதழ் வரைக்கும் நிலைத்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. இன்றைக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்ததே!

பட்டாணியைப் பழைய கிரேக்கர்கள் ‘பீசொன்’ என்றார்கள். அது ஆணுமில்லை, பெண்ணுமில்லை, மூன்றாம் பால். ‘பீசொஸ்’ என்று ஆண்பாலாகவும் வழங்கியது. பட்டாணிக்கு ஏன் மீசை என்று கேட்காதீர்கள், அவர்களுக்கு மேசைகூடப் பெண்பால்தான்.

அந்தச் சொல் லத்தீனுக்குப் போய் ‘பீசும்’ ஆனது; பன்மையில் ‘பீசா’. பிற்காலத்தில் அந்தப் பன்மையையே ஒருமையாக எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது ‘பீஸ்’. அதுவும் ஒருமைதான். ஆனால் 17ஆம் நூற்றாண்டில் கடைசி ‘ஸ்’ பன்மை விகுதி என்று நினைத்து அதை வெட்டிவிட்டார்கள். மிஞ்சியதைத் தமிழ் வானொலியில் நான் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். நீங்கள் சிரிப்பதற்குள் மேலே போய்விடுகிறேன்.

தமிழில் இந்த வெட்டு குத்து எதுவும் நடக்கவில்லை. ஆசிரியையாக இருந்தபோது ஒரு பையன் கட்டுரையில் ‘பட்டாணிகள் வெந்தது’ என்று எழுதியிருந்தான். ‘கள்’ளை அடித்துவிட்டு, ‘பட்டாணி வெந்தது’ என்று திருத்தினேன். விடுவானா? “டீச்சர், அப்போ ஒரே ஒரு பட்டாணிதான் வெந்துச்சா?” என்றான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அன்றைக்கு மற்ற பாடம் எதுவும் நடக்கவில்லை, நன்னூல்தான் நடந்தது. பால்பகா அஃறிணைப் பெயர் என்று பவணந்தி முனிவர் சொல்வது இதைத்தான். பெயர் அப்படியே நிற்கும். ஒன்றா பலவா என்பதை வினை சொல்லும். பட்டாணி முளைத்தது என்றால் ஒன்று, பட்டாணி முளைத்தன என்றால் பல. “அப்படின்னா ‘வெந்தன’ன்னுதானே போடணும்?” என்றான் அதே பையன். சட்டியில் மொத்தமாகக் கிடப்பதை யார் எண்ணுகிறார்கள், அதனால் ஒருமையே போதும் என்றேன். அரை மனதோடு உட்கார்ந்தான்.

அவனுக்குக் கிரேக்கம் பிடித்திருக்கும். ஏதென்ஸ்காரர்கள் மூன்றாம்பால் பன்மைக்கு ஒருமை வினையைத்தான் போட்டார்கள். ‘விலங்குகள் ஓடுகிறது’ என்பதுதான் அங்கே சரியான இலக்கணம். நம் பால்மரத் தோட்டங்களிலும் ‘மாடுங்க வந்துருச்சு’ என்றுதானே பேசுகிறோம்? பேசினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, தேர்வுத் தாளில் எழுதினால் மட்டும் சிவப்பு மை.

பயறு எப்படிப் பயற்றங்காய் ஆகிறது என்பதையும் சொல்ல நினைத்தேன், நேரம் கையைக் காட்டுகிறது. வயிறு வயிற்றுவலி ஆகிற மாதிரிதான், கிணறு கிணற்றுத் தண்ணீர் ஆகிற மாதிரிதான். மீதியை உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள், சொல்வார்கள் என்று நம்புகிறேன்.