முகமறியாதவர் முன் நம் பேச்சு

(கீழ்வேளூர் ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் கைப்பேசி. ஹஜ்ரத் மறுபடியும் கைப்பேசியைத் திட்டப் போகிறார் என்று பின்வரிசை இளைஞர்கள் சிலர் புன்னகைப்பது நம் கண்ணில் படுகிறது. திட்டுவதற்கு நாம் வரவில்லை. நம் ஜிப்பாப் பையிலும் அது இருக்கிறது. சுப்ஹு தொழுகைக்கு நம்மை எழுப்புவதும் அதுதான்.

நாகூரிலிருந்து வரும் பயணிகள் வண்டியில் கீழ்வேளூரில் ஏறி அமர்ந்தால், அடியக்கமங்கலம் வருவதற்குள் எதிரில் இருப்பவர் தம் மகளின் திருமணச் செலவையும், குறுவைக்குத் தண்ணீர் வராத குறையையும், மைத்துனரோடு உள்ள வரப்பு வழக்கையும் சொல்லி முடித்திருப்பார். நாமும் நம் பங்குக்கு இரண்டு கருத்துகளைச் சொல்லியிருப்போம். திருவாரூரில் அவர் இறங்கிவிடுவார். அவரோடு அந்தப் பேச்சும் இறங்கிவிடும். அறிமுகமில்லாதவரிடம் மனம் திறப்பது மனித இயல்பு. உறவினரிடம் சொல்ல இயலாததை வழித்துணையிடம் சொல்லி ஆறுதல் அடைந்தவர்கள் நம்மில் பலர். ஆனால் கைப்பேசியில் சொன்ன சொல் எந்த நிலையத்திலும் இறங்குவதில்லை. யார் யார் ஏறிக் கேட்டார்கள் என்பதும் நமக்குத் தெரிவதில்லை.

நம் பகுதி சபுராளிகளின் பகுதி. சிங்கப்பூர், மலேசியா என்று முன்னோர் சென்றார்கள், பிறகு வளைகுடா. அக்காலத்தில் நீல நிற ஏரோகிராம் கடிதத்தின் ஓரங்களை ஒட்டி அனுப்புவார்கள். கேசட்டில் பேசி, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்பிய காலமும் இருந்தது. மனைவிக்குப் பேசியதை மாமியார் கேட்டுவிடக்கூடாது என்று, டேப்ரிக்கார்டரைக் கொல்லைப்புறத்திற்கு எடுத்துச்சென்று ஒலியைக் குறைத்துக் கேட்ட வீடுகளை நாம் அறிவோம். ஒரு குடும்பத்தின் சொல்லுக்கு அவ்வளவு காவல் இருந்தது. இன்று சமைத்த ஆணமும், குழந்தையின் காய்ச்சலும், கணவர் ஊர் திரும்பும் தேதியும், வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் செல்லும் செய்தியும் ஸ்டேட்டஸில் வந்துவிடுகின்றன. பிறர் வீட்டிற்குள் நுழையுமுன் ஸலாம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும், அனுமதி இல்லையெனில் திரும்பிவிட வேண்டும் என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். நம் வீட்டு வாசலை நாமே திறந்து வைத்துவிட்டால், அனுமதி கேட்க வேண்டியவர் யார்?

இப்பொருளை இவ்வாண்டு பேச நேர்ந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. பெயர் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவில் ஒரு பெரியவர் காலையில் மவ்த்தானார். வீட்டார் நிலைகுலைந்திருந்தனர். மூத்த மகன் குளிப்பாட்டுவதற்கும் கபுருக்கும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். வாசலில் சந்தூக் கொண்டுவந்து வைத்த நேரத்தில், துஆ செய்யுங்கள் என்ற நல்லெண்ணத்தோடுதான் ஒரு தம்பி படம் எடுத்துப் பகிர்ந்தார். ஷார்ஜாவில் இருந்த இளைய மகன் வேலைக்கு நடுவே கைப்பேசியைப் பார்க்கிறார். அவருடைய வீட்டு வாசல். வாசலில் சந்தூக். வீட்டில் எவரும் தொலைபேசியை எடுக்கவில்லை. நம்மை அழைத்தார். "ஹஜ்ரத், எங்கள் வீட்டில் யார்?" என்று கேட்டார். அத்தாவா உம்மாவா என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

நாம்தான் சொல்ல வேண்டியதாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ ஜனாஸாக்களை முன்னின்று நடத்தியிருக்கிறோம். அன்று நா எழவில்லை. பின்னர் விடுமுறையில் வந்தபோது, அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை என்றார் அவர். சந்தூக்கின் பக்கத்தில் அத்தாவின் செருப்பு தெரிகிறதாம்.

படம் எடுத்த தம்பியும் இச்சபையில்தான் இருக்கிறார். அவர் நம்மிடம் வந்து வருந்தியவர். அவரைக் குறை கூற நாம் இதைச் சொல்லவில்லை. நாமும் அதே தவறைச் செய்திருக்கிறோம். ஒரு ஜும்ஆவுக்குப் பின், காணாமற்போன சிறுவன் ஒருவனின் படமும் அவன் தந்தையின் எண்ணும் நமக்கு வந்தன. நம்மிடமிருந்த அனைத்துக் குழுக்களுக்கும் உடனே அனுப்பினோம்; நன்மை கிடைக்கும் என்று எண்ணினோம். இரவு மனம் கேளாமல் அந்த எண்ணுக்கு அழைத்தபோது, பையன் என்றோ கிடைத்துவிட்டான் என்று அந்த மனிதர் அமைதியாகச் சொன்னார். ஒவ்வொரு வாரமும் பத்துப் பேராவது அழைக்கிறார்கள், எண்ணை மாற்றினால் தொழில் போய்விடும் என்றார். ஒரே ஓர் அழைப்பை முன்னரே செய்திருக்கலாம். செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தின் வசனத்தை மிம்பரில் எத்தனை முறை விளக்கியிருப்போம்!

விசாரியாமல் அனுப்பியதன் விலை உயிராகவும் இருந்ததுண்டு. 2018 மே மாதம், சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் சென்ற ஒரு குடும்பத்தினர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் பரவியிருந்த வதந்தியை நம்பிய மக்கள் அவர்களை அடித்தனர். 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அவ்வாண்டு நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய கொலைகள் நடந்த பின்னரே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு அந்நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 கொரோனா காலத்தில் பழைய காணொளிகளைப் புதியவை போலக் காட்டி நம் சமுதாயத்தின் மீதே பழி பரப்பினார்கள். அந்தக் காயத்தை அறிந்த நாம், பிறரைப் பற்றி வரும் காணொளியை மட்டும் ஆராயாமல் தள்ளிவிடுவது எந்த நியாயம்?

இனி, கருத்துக் கூறுவது. நமக்கு அண்டையிலுள்ள புதுச்சேரியில் 2012 அக்டோபரில் ஒரு வணிகர், மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர் மட்டுமே என்று அன்றைய செய்திகள் கூறின. நம் தேநீர்க் கடையில் அமர்ந்திருப்போரின் எண்ணிக்கைகூட இல்லை. காவல்துறை வந்து கைது செய்தது. அடுத்த மாதம் மராட்டியத்தில் பால்கரில், பால் தாக்கரே மறைவையொட்டி நடந்த கடையடைப்பைக் குறித்து முகநூலில் எழுதிய இளம்பெண்ணும், அதை விரும்பியதாகப் பொத்தானை அழுத்திய அவர் தோழியும் கைதானார்கள்; ஒருவருடைய உறவினரின் மருத்துவமனையும் நொறுக்கப்பட்டது. இதன் பின்னர் ஸ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு செல்லாது என்று 2015 மார்ச் 24 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆட்சியாளரைப் பற்றிக் கருத்துச் சொல்வது குடிமகனின் உரிமை. அதற்கு அஞ்சி வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம். 16 பேருக்குச் சொன்னதும் ஊருக்கே சொன்னதாகிவிடும் என்பதை மட்டும் இளவல்கள் நினைவில் கொள்க.

ஆனால் அத்தீர்ப்பு கடல் கடந்து செல்லாது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டத்தில், ஒருவரின் சம்மதமின்றி அவரைப் படமெடுத்துப் பகிர்வதே குற்றம். ஆறு மாதத்திற்குக் குறையாத சிறை அல்லது 1,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அறைத் தோழர் உறங்குவதை வேடிக்கையாகப் படமெடுத்து ஊருக்கு அனுப்பும் பிள்ளைகளுக்கு இதைப் பெற்றோர் சொல்லிவைக்க வேண்டும்.

நன்மையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, மின்சாரம் இன்றி நாட்கணக்கில் இருளில் கிடந்தோம். எங்கே தார்ப்பாய் வேண்டும், எங்கே மெழுகுவத்தி வேண்டும் என்று முகமறியாதவர்களுக்கு நம் பிள்ளைகள் அனுப்பிய செய்திகளைக் கண்டுதான் வெளியூர்களிலிருந்து வண்டிகள் வந்தன. மதம் கேட்டு எவரும் இறக்கவில்லை. அதே கைப்பேசி, அதே பிள்ளைகள்.

ஆகவே நிர்வாகத்திடம் நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. மஹல்லாவில் மவ்த் நேர்ந்தால், வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லியாகிவிட்டது என்று வீட்டார் ஒருவர் தெரிவித்த பிறகே ஒலிபெருக்கியில் அறிவிப்பும் ஜமாஅத் குழுவில் செய்தியும் வர வேண்டும். அதுவரை எவரும் பகிர வேண்டாம். சந்தூக்கின் படம் எப்போதும் வேண்டாம். மோதினார் அவர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறோம். செயலாளர் அவர்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் வைப்பதாகக் கூறியிருக்கிறார்.