அளந்து பார்த்தால் தெரியும்



மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கால் வளைந்த பிள்ளைகளைத் தாய்மார் தூக்கி வருகிறார்கள். வைட்டமின் டி கொடுத்தும் சிலர் தேறுவதில்லை. குறை சிறுநீரகத்தில் இருக்கலாம் என்று நாங்கள் அப்போது சந்தேகிக்கிறோம்.

உடலில் சேரும் அமிலத்தைச் சிறுநீரகம் நாள்தோறும் வெளியேற்ற வேண்டும். அது தவறினால் எலும்பு வலுவிழக்கும். சிறுநீரகத்தில் கல் சேரும். பொட்டாசியம் குறைந்து கைகால் செயலற்றுப்போகும்.

இதைக் கண்டறிய 1959-ல் இங்கிலாந்து மருத்துவர்கள் ராங், டேவிஸ் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் அம்மோனியம் குளோரைடு கொடுத்து, மணிக்கொருமுறை சிறுநீரை அளக்க வேண்டும். நல்ல சிறுநீரகமானால் பி.எச். அளவு 5.3-க்குக் கீழே இறங்கும். இரத்தம் ஏற்கெனவே அமிலமாயிருந்தால் அம்மோனியம் குளோரைடு ஆபத்து; கொடுக்கக் கூடாது. அப்போது புதிதாய்ப் பிடித்த சிறுநீரை அளந்தாலே பெரும்பாலும் விளங்கிவிடும். காகிதப் பட்டை துல்லியமாகக் காட்டாது, பி.எச். மீட்டர் வேண்டும்.

மருந்தோ விலை குறைந்ததுதான்: சோடியம் பைகார்பனேட், தேவையானால் பொட்டாசியம். ஆனால் பெரும்பாலோர் அதை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். தகுந்த காலத்தில் தொடங்கினால் பிள்ளை வளரும், கால் உறுதிப்படும்.

ஆகவே அன்பர்களே, கட்டடங்களுக்குக் கொடுக்கும்போது ஆய்வுக்கூடத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். அளக்காத நோய்க்கு மருந்து கொடுக்க எங்களால் இயலாது.