அம்மை வந்த வழி



தட்டம்மை கண்ட வீட்டில் வேப்பிலையைச் செருகி, "தாய் வந்திருக்கிறாள்" என்று வைத்தியரை வாசலிலேயே நிறுத்திவிடுகிற வழக்கம் இன்னும் அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆகவே இந்தத் "தாய்" எங்கிருந்து வந்தாள் என்பதை இன்று விசாரிப்போம்.

வயதான குடியானவர்களுக்கு மாட்டு வெக்கை நோய் ஞாபகமிருக்கும். கொட்டில் கொட்டிலாக மாடுகளை வாரிக்கொண்டுபோன அவ்வியாதி உலகத்திலிருந்தே ஒழிந்ததென்று 2011-ல் அறிவிக்கப்பட்டது. அந்த வெக்கைக் கிருமியும் தட்டம்மைக் கிருமியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். மாட்டைப் பழக்கி, அதனோடு ஒரே கூரையின்கீழ் மனிதன் வாழ்ந்ததில், மாட்டின் கிருமியொன்று அவனிடம் குடியேறிவிட்டது என்பதே ஆராய்ச்சிக்காரர்களின் முடிவு. 1912-ல் பெர்லினில் தட்டம்மையால் இறந்த ஒரு குழந்தையின் நுரையீரலைச் சோதித்து 2020-ல் வெளியிட்ட கணக்கின் பிரகாரம், இரண்டும் பிரிந்தது கி.மு. ஆறாம் நூற்றாண்டு வாக்கிலாயிருக்கலாம். மாட்டைப் பழக்கியதோ அதற்கும் பல ஆயிரம் வருஷங்களுக்கு முன். ஏன் இவ்வளவு தாமதம்? ஒரு தடவை வந்து பிழைத்தவரைத் தட்டம்மை மறுபடி அண்டாது. ஆதலால் புதுப்புதுக் குழந்தைகள் ஓயாமல் கிடைக்கும்படி லட்சக்கணக்கான ஜனங்கள் நெருங்கி வாழும் இடத்தில்தான் அது நிலைக்கும். மாடு கிருமியைக் கொடுத்தது. பட்டணம் அதற்குச் சோறு போட்டது.

ஜனங்கள் குறைவான இடத்தில் என்ன ஆகும்? அட்லாண்டிக் சமுத்திரத்தில் பரோயே தீவுகள் என்று இருக்கின்றன. அங்கே 1781-ல் வந்துபோன தட்டம்மை, பிறகு 65 வருஷம் தலைகாட்டவேயில்லை. 1846-ல் கப்பலேறி வந்தது. சுமார் 7,800 ஜனங்களில் சுமார் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். நேரில் போய் விசாரித்த பீட்டர் பனும் என்னும் டென்மார்க் வைத்தியர், 1781-ல் வந்து பிழைத்திருந்த கிழவர் கிழவிகளில் ஒருவருக்குக்கூட மறுபடி வரவில்லையென்று எழுதிவைத்தார்.

இது தாயின் கோபமென்றால், 65 வருஷம் அத்தீவில் ஒரு பாவமும் நடக்கவில்லையா? கிழவர்களெல்லாம் புண்ணியவான்கள், பேரப்பிள்ளைகள் மட்டும் பாவிகளா? கப்பல் வருகிறவரையில் தாய் எங்கே காத்திருந்தாள்?

"அப்படியானால் மாட்டை விரட்டிவிடலாமா?" என்று ஒரு நண்பர் கேட்கிறார். வேண்டியதில்லை, அய்யா! இன்றைய தட்டம்மைக்கு மாடு தேவையில்லை. இருமுகிற மனிதனே போதும். மாட்டின் வெக்கையை ஒழித்தது ஊசிதான், கூழல்ல. மனிதனுக்கும் 1963-லேயே ஊசி வந்துவிட்டது. ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, பதினாறு மாதத்துக்குமேல் இரண்டாவது. அந்த வயதுப் பிள்ளை வீட்டிலிருந்தால் நாளைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.