காப்பவர் மனத்துக்கும் காவல் வேண்டும்



மலேசியக் காவல்துறை ஆண்டுதோறும் மார்ச் 25-ஆம் நாளைக் காவலர் தினமாகக் கொண்டாடுகிறது. 1807-ஆம் ஆண்டு அதே நாளில் பினாங்குக்கு வழங்கப்பட்ட நீதிச் சாசனமே அதற்கு அடிப்படை. தோட்டத்து லயங்களில் பிறந்த பிள்ளைகள் சிலரும் அந்தச் சீருடையை அணிந்திருக்கிறார்கள். சீருடைக்குள் இருப்பதும் நம்முடையதைப் போன்ற மனந்தானே? அது காயப்பட்டால் என்ன செய்வது என்பதை இன்று சிந்திப்போம்.

1988 ஜூலை 31-ஆம் நாளை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் திருவிழா. குவான் யின் தேவியின் விழாவும் சேர்ந்துகொண்டது. பட்டர்வொர்த் படகுத்துறையில் மக்கள் நெருக்கியடித்து நின்றபோது மேல்தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் மாண்டனர். 1,600-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலையில் நம் நாட்டில் மாண்ட 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில் மாண்டவர்கள். இத்தகைய இடங்களில் உடல்களைத் தூக்கியவர்கள், கதறலைக் கேட்டவர்கள், வேலை முடிந்ததும் அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் வர முடியுமா?

சிலருக்குச் சில வாரங்களில் மனம் தேறிவிடும். வேறு சிலருக்கு ஒரு மாதம் கடந்தும் அதே காட்சி கனவில் வரும். கதவு படீரென்று சாத்தினால் உடல் அதிரும். அந்த இடத்தின் பக்கமே போகமாட்டார்கள். எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவார்கள். 'இன்னும் ஒருவரைக் காப்பாற்றியிருக்கலாமே' என்று தம்மையே குற்றம் சொல்வார்கள். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதைத் தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தார்கள். இது கோழைத்தனம் அன்று. பேய் பிடித்ததும் அன்று.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? 'பையன் எதையோ பார்த்துப் பயந்துவிட்டான்' என்று மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம். மருத்துவரிடம் போகலாம் என்றாலோ, 'தஞ்சோங் ரம்புத்தானுக்கா?' என்று கேலி பேசுகிறோம். அந்தக் கேலிக்கு அஞ்சியே பலர் வாய் திறப்பதில்லை. சிலர் பாட்டிலை நாடுகிறார்கள்.

அப்படியானால் கோயிலும் வழிபாடும் வீணா? இல்லவே இல்லை. வெள்ளிக்கிழமை பத்துப் பேரோடு அமர்ந்து தேவாரம் பாடும்போது மூச்சு சீராகிறது, தனிமை குறைகிறது. தண்ணீர்மலைக்கு நடந்துபோய் மனத்தில் உள்ளதை முருகன் முன்னே சொல்லி அழுபவருக்குப் பாரம் சற்று இறங்குகிறது. மசூதியிலும் மாதா கோயிலிலும் இப்படியே. ஆனால், நம்பிக்கை இரண்டு விதமாக வேலை செய்யும் என்பதைக் கென்னத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். 'கடவுள் துணையிருக்கிறார்' என்ற எண்ணம் மனத்தைத் தேற்றுகிறது. 'கடவுள் என்னைத் தண்டிக்கிறார்' என்ற எண்ணமோ நோயை வளர்க்கிறது. ஆகவே துன்பப்படுபவரிடம், 'எல்லாம் உன் கர்மவினை' என்று ஒருபோதும் சொல்லக்கூடாது, நேயர்களே. ஆறுதல் தரவேண்டிய சமயத்தைக் கொண்டே அவரை அடிப்பதாகிவிடும்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை எளியவை. துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவர் பேசும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். ஒரு மாதமாகியும் குறையவில்லையென்றால் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். பயிற்சி பெற்றவரிடம் படிப்படியாகப் பேசிக் குணமடையும் முறைகள் இருக்கின்றன. தேவையானால் மருந்தும் உண்டு. விபூதி பூசியதால் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். 'செத்துப்போகலாம்' என்று அவர் சொன்னால், ஒரு நாளும் தாமதிக்காமல், தனியே விடாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கால் முறிந்தவரை நாம் கோயிலுக்கும் அழைத்துப் போகிறோம், கட்டுப் போடவும் அழைத்துப் போகிறோம். மனம் முறிந்தவருக்கும் அந்த இரண்டும் வேண்டும். ஊரைக் காத்தவரை இனி நாம் காப்போம்.