கம்பம் ஏறுவோனின் பெயர்

(மின்பணியாளர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

'இற்றை இளைஞனுக்கு வேலையில் பற்றில்லை; கூலியில்தான் கண்' என்று மின்தொழிலில் முதிர்ந்தோர் பலர் குறைகூறக் கேட்கலாம். முன்பெல்லாம் ஒரு வீட்டுக்குக் கம்பியிழுத்து முடித்தவன், முதல் விளக்கை எரியவிட்டு, அவ் வீட்டார் முகத்தில் படரும் ஒளியைக் கண்டபின்தான் படியிறங்குவான். இன்றோ பொழுது சாயுமுன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான் என்பது அவர்தம் வருத்தம். வருத்தம் மெய்யானதே. ஆயின், அதற்கு அவர்கள் காட்டும் கரணியம் மெய்யன்று. பற்று தானாகத் தேய்ந்துவிடவில்லை. தேய்வதற்கு வேண்டியவை ஒவ்வொன்றாகச் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று மொழியின் வழியாகச் செய்யப்பட்டது. அதைப் பற்றி ஊதியப் பேச்சுக் கூட்டங்களில் எவரும் வாய்திறப்பதில்லை.

மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த 1916ஆம் ஆண்டில், பைக்காரா ஆறு நீலமலையில் வீணே விழுந்துகொண்டிருந்தது. அரசின் மின்துறை 1927இல் அமைந்தது. பைக்காரா மின்நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. 1937இல் மேட்டூரும், 1944இல் பாவநாசமும் தொடர்ந்தன. பைக்காராவின் மின்னாற்றல் மலையிறங்கிக் கோவைக்கு வந்தபின் அங்கு நூலாலைகள் பெருகின. ஆலைகளைச் சுற்றிப் பட்டறைகள் பெருகின. 1957 சூலை முதல் நாளன்று மின்வாரியம் அமைந்தது. ('வாரியம்' என்பது அண்மைக்காலத்தில் புனைந்த சொல் அன்று. உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் எனப் பத்தாம் நூற்றாண்டிலேயே வழங்கியது அது. தலைமை அலுவலகத்துக்கு அத்துணைப் பழைமையான பெயரைத் தேடியெடுத்த கை, கீழே கம்பம் ஏறுவோனிடம் வந்தபொழுது சோர்ந்துவிட்டது.)

அந்நாளில் மின்தொழிலுக்கு வந்தவன் கொண்ட பெருமிதம் ஊதியத்தால் மட்டும் வந்ததன்று. இருண்டு கிடந்த ஊருக்குள் குழிதோண்டிக் கம்பம் நட்டு, கம்பியிழுத்து, மின்மாற்றியை மேலேற்றி, ஒரு மாலைப்பொழுதில் தெருவிளக்கு எரிவது வரை உடனிருந்தவன் அவன். தொடக்கமும் முடிவும் அவன் கண்முன் நிகழ்ந்தன. கிணற்றுநீர் குழாய்வழிப் பொங்கி வாய்க்காலில் ஓடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பியவனுக்கு, அவன் வேலை எதற்காக என்று எவரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை.

கோவைப் பக்கத்து மின்னோடிப் பட்டறைகளில் இப் பெருமிதம் வேறொரு வடிவில் இருந்தது. எரிந்துபோன மின்னோடி ஒன்று பட்டறைக்கு வருகிறது. கம்மியன் மூடியைக் கழற்றியதும் பாதிச் செய்தியை அறிந்துகொள்கிறான். மும்முனையுள் ஒருமுனை வாராமற்போனதால் கருகியதா, சுமை மிகுந்து கருகியதா என்பதை, சுருள்கள் கருகியிருக்கும் ஒழுங்கே காட்டிக்கொடுத்துவிடும். சில சுருள்கள் மட்டும் கருகிப் பிற பழுதற்றிருந்தால் முன்னது, எல்லாம் ஒருசேரக் கருகியிருந்தால் பின்னது. காடிகள் 24 எனினும் 36 எனினும் அவற்றை எண்ணி, சுருளொன்றுக்கு எத்தனைச் சுற்று, கம்பியின் தடிமன் என்ன என அளந்து, கறைபடிந்த குறிப்பேட்டில் எழுதுகிறான். பின்னர்க் காப்புத்தாள் இட்டு, புதிய செப்புக்கம்பிச் சுருள்களைக் காடிகளுள் இறக்கி, மரச்சுத்தியால் மெல்லத் தட்டிப் படியவைத்து, காப்பெண்ணெயில் நனைத்துச் சூட்டில் உலர்த்துகிறான். ஓடவிடும்போது தலையைச் சாய்த்துக் கேட்கிறான். ஓசை ஒரே சீராக எழுந்தால் போதும். அதற்குமேல் எவர் பாராட்டும் அவனுக்கு வேண்டுவதில்லை. அக் குறிப்பேட்டை ஆசான் தன் மாணாக்கனிடம் ஒப்படைப்பது காணிநிலத்தை எழுதித் தருவதற்கு ஒப்பாகும்.

இன்று அக் குறிப்பேட்டுக்கு வேலை குறைந்துவிட்டது. சிறு மின்னோடியைச் சுற்றிக்கட்டும் செலவுக்கு மேல் இன்னும் கொஞ்சம் கொடுத்தால் புதியதே கிடைக்கிறது. குழல்விளக்குக்குத் தொடக்கியை மாற்றிப் பார்த்து, அது பயனற்றால் அடைப்புச்சுருளை ஆய்ந்து பழுதுநீக்கிய காலம் போய், விளக்கு கெட்டால் முழுதாக எறிந்துவிடும் காலம் வந்திருக்கிறது. பழுது இன்னதென்று கண்டறிதலில்தான் இத் தொழிலின் சுவை இருந்தது. அச் சுவை நீங்கியபின் எஞ்சுவது கழற்றுதலும் மாட்டுதலுமே. இதற்கு இளைஞனைக் குறைசொல்லி என்ன பயன்?

பணியின் உறுதிப்பாடும் குறைந்தது. 2003 ஏப்பிரல் முதல் நாளிலும் அதற்குப் பின்னும் தமிழ்நாட்டரசின் பணியில் சேர்ந்தோர் பழைய ஓய்வூதிய முறைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். நிலையான பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்க, ஒப்பந்தத் தொழிலாளி அதே கம்பத்தில் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆண்டுகள் பல ஒப்பந்தத் தொழிலாளியாகவே நின்றான். பயிற்சி பெற்ற பலர் வளைகுடா நாடுகளுக்குப் போயினர். இவை எல்லாரும் அறிந்தவை. தொழிற்கழகங்கள் இவற்றைப் பேசுகின்றன, பேசவும் வேண்டும். எவரும் பேசாததற்கு வருவோம்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டு பயிலும் இளைஞனின் பிரிவுகளுக்குத் தாளில் நல்ல தமிழ்ப் பெயர்கள் உள்ளன: மின்பணியாளர், கம்பியாள், பொருத்துநர், கடைசலர். வாயிலைத் தாண்டியதும் அவன் 'எலக்ட்ரீசியன்', 'ஒயர்மேன்', 'பிட்டர்', 'டர்னர்' ஆகிவிடுகிறான். பள்ளியில் மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை என்று தமிழில் படித்தவன்தான் அவன். பணியிடத்தில் அச் சொற்களை ஒருவரும் வழங்காமையால், பள்ளியில் படித்ததும் கையால் செய்வதும் ஒன்றே என்பது அவனுக்குத் தோன்றுவதேயில்லை. 'பேஸ்' சிவப்பு, 'நூட்ரல்' கருப்பு, 'எர்த்து' பச்சை என்று நிறங்களை மனப்பாடம் செய்கிறான். பச்சைக்கம்பி இல்லாமலும் விளக்கு எரிகிறதே என்று வீட்டுக்காரர் கேட்டால், 'சார், ரூல் அப்படி' என்கிறான். நிலத்தொடுப்புக் கம்பி என்று சொல்லிப் பழகியிருந்தால் விடை அச் சொல்லுக்குள்ளேயே கிடந்திருக்கும்: கசியும் மின், பிடித்தவன் உடல்வழிப் போகாமல் நிலத்துக்குப் போக அமைத்த வழி அது. கரணியம் தெரியாத வேலையை ஒருவன் எத்துணைக் காலம்தான் பற்றோடு செய்வான்? எழுத்தறியாத உழவரும் 'மும்முனை' என்ற சொல்லைத் தயக்கமின்றி ஆள்கின்றனர். படித்த கம்பியாள் 'திரீ பேஸ்' என்கிறான்.

சட்டம் தமிழுக்கு எங்கு இடந்தந்தது என்பதையும் காண்க. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்விதிகளுள் 35ஆம் விதி, மின்னமைப்புகளில் எச்சரிக்கைப் பலகை மாட்ட வேண்டும் என்றது. அது இந்தியிலோ ஆங்கிலத்திலோ, அத்துடன் அம் மாவட்ட மொழியிலும் இருக்க வேண்டும், மண்டையோடும் எலும்பும் வரைந்திருக்க வேண்டும் என்றது. 2010இல் வந்த ஒழுங்குமுறைகளும் அதையே கூறின. வேலையைக் கற்பிக்கும் மொழியாகத் தமிழ் வேண்டியதில்லை. சாவைக் காட்டும் மண்டையோட்டின் பக்கத்தில் மட்டும் கட்டாயமாக வேண்டும்! அங்கும் எழுதப்படும் சொல் 'அபாயம்' என்னும் வடசொல். 'இடர்' என்று மூன்றெழுத்தில் எழுதினால் வண்ணமும் மிச்சம்.

இது சொல்லழகு பற்றிய வழக்கன்று, உயிர் பற்றியது. உயரழுத்தக் கம்பியில் பழுது பார்க்க ஓர் ஒப்பந்த இளைஞனை ஏற்றுகின்றனர். 'எல்.சி. வாங்கியாச்சு, ஏறு' என்கின்றனர். அந்த 'எல்.சி.' என்பது எந்தக் கம்பிக்கு, எங்கிருந்து எதுவரை மின் துண்டிக்கப்பட்டது என்பதை உறுதிசெய்யும் இசைவு. அவனுக்கு அது இரண்டு எழுத்தின் ஓசை. துணைநிலையத்தில் துண்டித்துவிட்டால் முடிந்தது என்று எண்ணுகிறான். ஒரு வீட்டிலோ ஆலையிலோ உரிய பிரிப்பானின்றி இணைத்த மின்னாக்கி ஓடினால், அதன் மின் மாற்றியின் வழியே திரும்பிவந்து, உயரழுத்தமாகக் கம்பியில் நிற்கக்கூடும். அதனால்தான் தொடுமுன் மின் உள்ளதா என ஆய்ந்து, கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்து நிலத்தோடு சேர்க்க வேண்டும். இதை அவனுக்குப் புரியும் மொழியில், புரியும்வரை சொன்னவர் யார்?

செருமனியில் இவ் இளைஞனை ஒத்தவன் எவ்வாறு பயில்கிறான் என்பதை ஒப்புநோக்குவது தகும். அங்கு மின்தொழிற் பயிற்சி மூன்றரை ஆண்டு. தொழிற்கூடத்தில் வேலையும் தொழிற்பள்ளியில் பாடமும் ஒருங்கே நடக்கும். இரண்டும் அவன் தாய்மொழியில். ஐந்து காப்பு விதிகளை அவன் நெஞ்சில் ஏற்றிக்கொள்கிறான். துண்டித்தல், மீண்டும் இணையாதவாறு காத்தல், மின்னின்மையை உறுதிசெய்தல், நிலத்தோடு தொடுத்துக் குறுக்கிணைத்தல், அண்டையில் மின்னுள்ள பகுதிகளை மூடுதல் அல்லது தடுத்தல். ஐந்தும் இவ் வரிசையில்தான். ஒன்றைத் தாண்டி மற்றொன்றில்லை. இவை செருமானியர்க்கு மட்டுமே விளங்கும் மறைபொருள்கள் அல்ல. தமிழில் சொல்ல ஒரு மூச்சுப் போதும், சொல்லப்படவில்லை, அவ்வளவே.

இனிப் பெயருக்கு வருவோம். 2019ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு மின்வாரியத்தின் பகிர்மானக் கழகம் 5000 பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. ஐந்தாம் வகுப்புத் தேறியிருத்தல் கல்வித்தகுதி; கம்பம் ஏறிக்காட்டும் தேர்வும் உண்டு. ஆட்சிமொழிச் சட்டம் 1956இலேயே இயற்றிய நாட்டில், ஐந்தாம் வகுப்புப் படித்த தமிழ்மகனுக்கென்று உருவாக்கிய அப் பணியிடத்தின் பெயர் 'கேங்மேன்'! குழிதோண்டுவோன், கம்பம் நடுவோன், பணிக்குழுவினன் என எத்தனையோ சொல்லலாம். ஒன்றும் தோன்றவில்லை. பணியில் சேர்ந்தபின் அவர்கள் முன்வைத்த வேண்டுகைகளுள் ஒன்று, தங்களைக் 'கள உதவியாளர்' என மாற்ற வேண்டும் என்பது. அப் பெயரோடு ஊதியநிலையும் பணிவரம்பும் பின்னாளைய உயர்வும் கட்டுண்டு கிடந்தன என்பதை அவர்கள் எந்த மொழியறிஞரிடமும் கேட்டறியவில்லை. 'சொல்லில் என்ன இருக்கிறது' என்று தனித்தமிழரை எள்ளும் படிப்பாளிகள், அவர்களிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

பற்று முற்றும் அற்றுவிட்டது என்போர் 2018 நவம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். கசாப் புயல் காவிரிப் படுகையைக் கடந்தபோது ஓரிலக்கத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பிற மாவட்டங்களிலிருந்து வந்த பணியாளர்கள் முழங்காலளவு சேற்றில் நின்று, வண்டி போகாத வயல்களுக்குள் கம்பங்களைத் தோளில் சுமந்து சென்றனர். தம் வீடே கூரையிழந்து நின்ற ஊர்மக்கள் அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டனர். மீண்டும் விளக்கெரிந்த தெருக்களில் பெண்டிர் அவர்களை வரவேற்ற முறையைச் செய்தித்தாள்கள் எழுதின. அங்குச் சேற்றில் நின்றவர்களுள் ஒப்பந்தத் தொழிலாளரும் இருந்தனர். தொடக்கமும் முடிவும் கண்முன் தெரிந்தன; யாருக்காக என்பதும் தெரிந்தது. பைக்காராக் காலத்துப் பணியாளனுக்கு நாள்தோறும் கிட்டியது இவர்களுக்குச் சில கிழமைகள் கிட்டியது.

சொல் மாறினால் கூலி உயருமா என்று கேட்கும் தோழர்க்கு விடை உண்டு. உடனே உயராது. ஒப்பந்தமுறை ஒழிய வேறு போராட்டம் வேண்டும். ஆனால், தன் வேலையைத் தன் மொழியில் விளக்கத் தெரிந்தவனை 'எடுபிடி' என்று ஒதுக்குவது எளிதன்று. இசைவுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கத் தெரிந்தவனை, 'ஏறு' என்று அதட்டி ஏற்றுவதும் எளிதன்று.

தனித்தமிழர் மேலும் குறையுண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. மேசையில் அமர்ந்து சொல்லாக்கியோர் பலர், குறடு பிடித்தவனிடம் ஒருமுறையேனும் கேட்டதில்லை. ஒரு கருவிக்கு நான்கு பொத்தகங்களில் நான்கு பெயர். கம்பத்தின் உச்சியில் நிற்பவன் ஒன்பது அசையுள்ள சொல்லைக் கூவ மாட்டான். கீழே நிற்பவன் காதில் ஒரே வீச்சில் விழ வேண்டும். குறடு, திருப்புளி, கடப்பாரை, ஏணி, காடி என்று மின்வருமுன்பே தொழிலாளர் வாயில் உருண்டு திரண்ட சொற்களைப் பாருங்கள். எல்லாம் சிறியவை, உறுதியானவை.

ஆதலின், பெரிய அகரமுதலி வரும்வரை காத்திராமல், இக் கூட்டத்துக்கு வந்த மின்தோழர்கள் இவ் வாரமே செய்யத்தக்கது ஒன்றுண்டு. கருவிப்பெட்டியின் மூடியை உள்ளே துடைத்து, மூடியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுமாறு, ஐந்து சொற்களை மேலிருந்து கீழாக வெள்ளை வண்ணத்தில் எழுதுக. ஏறுமுன், உடன் ஏறும் இளைஞனை உரக்கப் படிக்கச் செய்க. படிக்கும்வரை ஏணியைச் சாத்த வேண்டா.

துண்டி. பூட்டு. ஆய். தொடு. மூடு.

நான்காவது சொல் கம்பியை நிலத்தோடு தொடுப்பதைக் குறிக்கும், கையால் தொடுவதையன்று. ஐயம் எழுமெனின் அதனை 'நிலந்தொடு' என்றே எழுதிக்கொள்க.