ஏழாவது வரி: கையெழுத்து வராத என் அக்கா பையன்

போன வாரம் எபிசோட் வரலை, ஊருக்குப் போயிருந்தேன். சரவணம்பட்டியில பஸ் ஏறினா அன்னூர், புளியம்பட்டி தாண்டி நம்ம சத்தியமங்கலம். அங்க என் அக்கா பையன் நாலாவது படிக்கிறான். இன்னைக்கு அவனோட கையெழுத்தைப் பத்தித்தான் பேசப்போறேன். அவன்கிட்ட கேட்டுட்டுதான் பேசுறேன். பேரு மட்டும் சொல்லக்கூடாதுன்னு கண்டிஷன் போட்டிருக்கான்.

சனிக்கிழமை காலையில அப்புச்சியோட பூ மார்க்கெட் போயிட்டு வந்தான். மல்லி ஏலம் எப்படி நடக்குது, பனிக்காலத்துல வரத்து ஏன் குறையுது, முகூர்த்தம் வந்தா விலை ஏன் ஏறுதுன்னு பத்து நிமிஷம் மூச்சு விடாம சொன்னான். சாயங்காலம் ஹோம்வொர்க், 'எங்கள் ஊர்' கட்டுரை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து மூணு வரி எழுதியிருந்தான். அதுல ஆறு இருக்கு, கோயில் இருக்கு, 'பூ' இருக்கு. மல்லிகை இல்லை. ஏன் கண்ணு எழுதலைன்னு கேட்டேன். "அது பெருசுங்க மாமா"ன்னான்.

அப்போ எனக்கு அது உறைக்கலை. டீச்சர் வேற டைரியில 'கவனம் இல்லை'ன்னு எழுதி அனுப்பியிருந்தாங்க. எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன். "பத்து தடவை எழுது, தானா வரும்"னு சொல்லிட்டு பக்கத்துலயே உட்கார்ந்தேன். ஏழாவது வரியில அவன் பென்சிலை வெச்சுட்டு கையை உதறினான். நோட்டைப் பார்த்தேன். முதல் வரி ஓரளவு படிக்க முடிஞ்சது, ஏழாவது வரி சுத்தமா முடியலை.

கோடு எழுதுற ஆளுங்க நமக்கு இது புரியணும். பயிற்சிதான் தீர்வுன்னா ஏழாவது வரி முதல் வரியை விட நல்லா இருக்கணும். மோசமாகுதுன்னா நான் தப்பான இடத்துல பிழை தேடிட்டு இருக்கேன்.

இதுக்கு டிஸ்கிராஃபியான்னு ஒரு பேர் இருக்கு. எழுதுறதுல வர்ற கற்றல் குறைபாடு. புத்திக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. நாம எழுதும்போது கை தானா ஓடும், மனசு விஷயத்துல இருக்கும். இந்தக் குழந்தைங்களுக்கு ஒவ்வொரு எழுத்தையும் யோசிச்சு வரையணும். மூளையோட ரேம் பூரா எழுத்து வடிவத்துக்கே போயிட்டா, சொல்ல வந்த விஷயத்துக்கு இடம் எங்க இருக்கும்? அதான் வாயால பத்து நிமிஷம், நோட்டுல மூணு வரி.

தமிழ்ல இன்னொரு சிக்கலும் இருக்கு. 'கொ'ன்னு சொல்லிப் பாருங்க. வாயில முதல்ல வர்றது க். ஆனா கை முதல்ல கொம்பு போடணும், அப்புறம் க, கடைசியா கால். சொல்ற வரிசை வேற, எழுதுற வரிசை வேற. கம்ப்யூட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. யூனிகோடுல முதல்ல க, அப்புறம்தான் ஒகரக் குறி. தமிழ்99 விசைப்பலகையிலயும் க அடிச்சு ஒ அடிச்சா கொ வந்துடும். காது கேட்ட வரிசையிலேயே விரல் போகலாம்.

கையெழுத்து மோசமா இருந்தா எல்லாமே டிஸ்கிராஃபியா கிடையாது. கண் பார்வையா இருக்கலாம், பென்சில் பிடிக்கிற விதமா இருக்கலாம். யூடியூப் பார்த்து, ஏன் இந்த எபிசோடைக் கேட்டும்கூட, நீங்களா முடிவு பண்ணாதீங்க. குழந்தை மருத்துவர்கிட்ட ஆரம்பிங்க. உளவியல் நிபுணரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டும் பார்த்துச் சொல்லணும். 18 வயசு வரைக்கும் குழந்தைங்களை இலவசமா பரிசோதிக்கிற அரசுத் திட்டம் ஒண்ணு 2013ல இருந்து இருக்கு, ஆர்.பி.எஸ்.கே. அதுல கற்றல் குறைபாடும் வருது. அரசு ஆஸ்பத்திரியில கேளுங்க.

இதையெல்லாம் சொன்னப்போ அக்கா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டுச்சு: "சர்டிஃபிகேட் வாங்கிட்டா ஊர்ல என்னன்னு சொல்லுவாங்க?"

அந்த பயம் நியாயமானது. ஆனா அந்தப் பேப்பர் எதுக்குன்னு ரெண்டு வழக்கு சொல்லுது. விகாஷ் குமார்னு ஒருத்தர், எழுதும்போது கை இழுத்துக்கற பிரச்சினை அவருக்கு. 40 சதவீத ஊனம் இல்லைன்னு சொல்லி யூ.பி.எஸ்.சி. தேர்வுல அவருக்குப் பதிலா எழுத ஆள் தர மறுத்தாங்க. 2021 பிப்ரவரி 11ல உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. எழுத முடியாதவங்களுக்கு ஆள் கொடுக்க அந்த 40 சதவீதத்தைக் கட்டாயமாக்கக் கூடாதுன்னாங்க. அதே வருஷம் டிஸ்கிராஃபியா இருக்கிற ஒரு மாணவிக்கு நீட் தேர்வுல கூடுதல் 1 மணி நேரம் கொடுக்காம பேப்பரைப் பிடுங்கிட்டாங்க. அது தப்புன்னு உச்ச நீதிமன்றம் நவம்பர்ல சொல்லுச்சு. ஆனா மறுதேர்வுக்கு உத்தரவிடலை. உரிமை 2016 சட்டத்துலயே இருக்கு. அது தேர்வு ஹால் வரைக்கும் வந்து சேருதான்னு நாமதான் முன்கூட்டியே பார்த்துக்கணும்.

வீட்ல இப்போ சின்னதா சில மாற்றம் பண்ணியிருக்கோம். கேள்வியைத் திருப்பி எழுத வேண்டாம், பதில் மட்டும் போதும். கட்டம் போட்ட நோட்டு. கால் தரையில படுற மாதிரி நாற்காலி. அம்மாயிகூட உட்கார்ந்து பூ தொடுக்கிறான். அது மருந்து இல்லைங்க, விரலுக்கு ஒரு வேலை, அவனுக்கும் பிடிச்சிருக்கு. டீச்சர்கிட்ட அக்கா நேர்ல போய்ப் பேசறதா சொல்லியிருக்கு. டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம் நானும் கூடப் போறேன்.

ஞாயித்துக்கிழமை அந்தக் கட்டுரையை அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ரெண்டு பக்கம் வந்துச்சு. எனக்கே கை வலிச்சுப் போச்சு. முடிச்சதும் நோட்டை வாங்கிப் பார்த்தவன், "உங்க எழுத்தும் நல்லா இல்லைங்க மாமா"ன்னான். (சிரிப்பு)

உங்க வீட்ல இப்படி ஒரு குழந்தை இருந்தா, இன்னைக்கு ராத்திரி நோட்டை மூடி வெச்சுட்டு, பாடத்தை வாயால சொல்லச் சொல்லிக் கேளுங்க. அப்புறம் முடிவு பண்ணலாம். அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.